211 யாருக்கு

நாள் 611, காலை 08:10

கயல்-4 அஞ்சல் நிலையம். காற்று சரி. மின்சாரம் சரி. சர்வர் அறை வெப்பம் 19 டிகிரி. இரண்டு ஆண்டெனாக்கள் ஒழுங்காக இருக்கின்றன; மூன்றாவது வழக்கம்போல் முனகுகிறது. பணியில் இருப்பவர்: அமலோற்பவம் ரொட்ரிகோ, முகவரி அலுவலர், வயது 51, ஊர் தூத்துக்குடி. உடன் இருப்பவர்: யாரும் இல்லை.

எண் கையிருப்பு: 250-இல் 249 கொடுத்தாகிவிட்டது. மீதி ஒன்று, எண் 211. அதற்குக் காத்திருப்பவர்கள் பதினொரு பேர். இன்று பன்னிரண்டாவது ஆளும் வந்து சேர்ந்தார்.

இதைப் படிக்கப்போவது யாரோ எனக்குத் தெரியாது, ஆகவே விளக்கிவிடுகிறேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே மிதக்கும் கற்களில், கல்லுக்கு ஒரு குடும்பமாக, முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான குடும்பங்கள் உலோகம் தோண்டிப் பிழைக்கின்றன. அவர்களுடைய கடை, பள்ளிக்கூடம், மருந்தகம், சதுரங்க மன்றம் எல்லாவற்றின் இணையப்பக்கங்களும் என் சர்வரில் இருக்கின்றன. பக்கம் இருந்தால் மட்டும் போதாது, அதற்கு ஒரு ஐபி எண், அதாவது முகவரி, வேண்டும். பூமியில் அந்த எண்கள் கொட்டிக் கிடக்கின்றன. இங்கே பொருத்தியிருப்பது யாரோ சிக்கனம் பார்த்து அனுப்பிய பழைய சாமான். இருநூற்றைம்பதுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது.

அதனால் விதிகள். ஒருவருக்கு ஓர் எண்தான். எதற்குத் தனி எண் என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். அது படிவத்தில் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். இணைப்புகள் பார்க்கப்படமாட்டா. கடைசி இரண்டும் நான் சேர்த்தவை. ஆரம்பத்தில் ஒருவர் தன் கல்யாண ஆல்பம் முழுவதையும் இணைத்து அனுப்பினார்.

தனி எண் கிடைக்கும்வரை எண் 12-இல் கூட்டுக் குடித்தனம். ஒரே வாசல், உள்ளே நாற்பது வீடு. வருகிறவர் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னால் சர்வர் அந்த வீட்டுக்கு அழைத்துப் போகும். முதல் வீடு நிலையத்துடையது, அதாவது என்னுடையது; நாற்பதில் அது சேராது. அதில் அறிவிப்புகள் போடச் சொல்லியிருக்கிறார்கள். அறிவிக்க ஒன்றும் இல்லாததால் இந்த நாட்குறிப்பைப் போடுகிறேன். நேற்றுவரை படித்தவர்கள் எண்ணிக்கை பூஜ்யம். தலைமையகமும் படிக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

பன்னிரண்டாவது விண்ணப்பம் கல்-31-இலிருந்து. பெயர் தீர்த்தகிரி, தருமபுரிக்காரர். காரணம் என்ற பெட்டியில் இப்படி எழுதியிருக்கிறார்: "பழைய கருவி ஒண்ணு இருக்கு மேடம். அதுக்குப் பேர் சொல்லத் தெரியாது, நம்பர் மட்டுந்தான் தெரியும். மத்த விவரம் இணைப்புல." பயன்படுத்துவோர் எண்ணிக்கை என்ற கட்டத்தில்: "3. நாய் வளர்க்க இடமிருந்தா 4."

சிரித்துவிட்டேன். அதன் பிறகு "எந்தக் கருவி? பெட்டிக்குள் விளக்கவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். விதிப்படி அவரை எண் 12-இல் நாற்பதாவது வீடாகச் சேர்த்தேன்.

நாள் 612, காலை 08:05

எல்லாம் சரி. மூன்றாவது ஆண்டெனா முனகல் குறைந்திருக்கிறது.

நேற்று என் பக்கத்துக்கு வருகை: 4.

தவறாக இருக்கும் என்று மறுபடி பார்த்தேன். நான்குதான். யாரோ ஒரே நாளில் நான்கு தடவை வந்து போயிருக்கிறார். நல்லது, வாருங்கள். நான் அமலி. மற்றவர்களுக்கு அலுவலர்.

நாள் 615, காலை 08:20

காற்று சரி. மின்சாரம் சரி.

மூன்று நாளாக நாள்தோறும் நான்கு வருகை. ஒரே ஆள்தான் என்று நினைக்கிறேன். வருகைப் பதிவேட்டைத் திறந்தால் எங்கிருந்து வருகிறார் என்று தெரிந்துவிடும். திறக்கப் போவதில்லை. வாசல் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல அது மரியாதைக் குறைவு. தவிர, தெரியாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

உங்களுக்காக இன்று கொஞ்சம் எழுதுகிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மாசிக் கருவாட்டில் கடைசித் துண்டு மிச்சமிருந்தது. அதைச் சுரண்டி, காய்ந்த மிளகாயும் உலர்ந்த வெங்காயமும் சேர்த்து சம்பல் செய்தேன். தேங்காய்க்கு எங்கே போவது. பொடி இருக்கிறது, பொடி தேங்காய் ஆகாது. ஆனாலும் நிலையம் முழுக்க வாசம் பரவி, காற்று வடிகட்டி 'அசுத்தம்' என்று எச்சரித்தது. அசுத்தமாம். நானும் என் ஊர் பேரைச் சொல்லி அதைத் திட்டினேன்.

நாள் 618, காலை 09:00

வருகை: 6. சம்பல் வேலை செய்திருக்கிறது.

கல்-31 தீர்த்தகிரி பதில் அனுப்பியிருக்கிறார். எந்தக் கருவி என்று கேட்டதற்கு: "எங்க வீட்ல நாலாவது ஆளு மேடம். சோறு கேக்காது, சம்பளம் கேக்காது. ராப்பகலா எண்ணிக்கிட்டே இருக்கும். எங்க வீட்டுக்காரி மாதேஸ்வரி சொல்றா, என்னை விட அதுக்குப் பொறுப்பு ஜாஸ்தின்னு. பாப்பா அதுக்கு வணக்கம் வெச்சுட்டுத்தான் தூங்கப் போவா. மத்தபடி எல்லாம் இணைப்புல இருக்கு, ஒரு தடவை பாத்துடுங்க."

நான்கு முறை படித்தேன். அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்கிறார்கள். அவர்களுக்கு எண் 211-ஐக் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

கொடுக்கவில்லை. "காரணம் முறையான நடையில் இல்லை. கருவியின் பெயர், பயன், ஒரு நாளில் எத்தனை தடவை தொடர்பு கொள்ளும் என்பதைக் கட்டங்களில் நிரப்பவும்" என்று எழுதித் திருப்பினேன். விதி அப்படித்தான் சொல்கிறது.

நாள் 622, காலை 08:40

மூன்றாவது ஆண்டெனாவைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். இப்போது முனகவில்லை. முனகல் இல்லாமல் நிலையம் ரொம்ப அமைதியாகிவிட்டது, செய்திருக்கக் கூடாது.

வருகை: 12.

பன்னிரண்டு தடவை வந்து என்னைப் படிக்கிற ஒருவரிடம் உண்மையைச் சொல்லலாம். 210-ஆம் எண்ணைக் கொடுத்த கதை இது. கல்-9-இல் மளிகைக் கடை வைத்திருக்கும் ஞானதிரவியம் அதற்காக நான்கு மாதம் எனக்கு எழுதினார். நான் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கேள்வி கேட்பேன். அவர் கோபப்படுவார், கெஞ்சுவார், நடுவில் தன் மூத்த மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வார், உளுந்து முளைக்காததைச் சொல்வார். கடைசியில் கேட்பதற்குக் கேள்வியே இல்லாமல் போய் எண்ணைக் கொடுத்தேன். "நன்றி" என்று ஒரு சொல் வந்தது. அதன் பிறகு இருநூறு நாளாக அவரிடமிருந்து ஒன்றுமில்லை.

இப்போது பன்னிரண்டு பேர் எழுதுகிறார்கள். 211-ஐ ஒருவருக்குக் கொடுத்தால் அவருக்கு வேலை முடிந்தது, மற்ற பதினொரு பேருக்கு நம்பிக்கை முடிந்தது. அப்புறம் யார் எனக்கு எழுதுவார்கள்? எழுதிப் பார்த்தால் அசிங்கமாகத்தான் இருக்கிறது. அழிக்காமல் விடுகிறேன். நீங்கள் ஒருவர்தானே படிக்கிறீர்கள்.

நாள் 626, காலை 10:15

வருகை: 24. மணிக்கு ஒரு தடவை வருகிறீர்கள். உண்மையைச் சொன்னால் ஆள் ஓடிப்போவார் என்று பயந்தேன், இரட்டிப்பாகிவிட்டது. நன்றி.

தீர்த்தகிரியின் மூன்றாவது விண்ணப்பம் வந்தது. ஏமாற்றம். பேனாவால் எழுதிப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார், எழுத்துகள் கட்டத்துக்கு வெளியே ஓடுகின்றன. முழுவதும் இவ்வளவுதான்: "மேடம் அது மானி. நம்பர் வேணும். மூணு பேர். பாப்பா தூங்கிட்டே இருக்கா. இவளுக்குத் தலைவலி. எனக்கும் என்னமோ எழுத வரல. தப்பா நெனச்சுக்காதீங்க." ஒரு நாளில் எத்தனை தடவை தொடர்பு என்ற கட்டம் காலி. கிண்டல் இல்லை, நாய் இல்லை.

சலித்துவிட்டார் போலிருக்கிறது. மூன்றாவது விண்ணப்பத்திலேயே சலிப்பா? ஞானதிரவியம் நான்கு மாதம் தாக்குப் பிடித்தார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. "ஐந்தாம் கட்டம் காலி. நிரப்பி மறுபடி அனுப்பவும்" என்று மட்டும் எழுதினேன். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நாள் 629, காலை 08:30

வருகை: 48.

அரை மணிக்கு ஒரு தடவை. தூங்குவதே இல்லையா நீங்கள்? இந்த நிலையத்துக்கு வந்த நாளிலிருந்து என்னை யாரும் இப்படித் தேடியதில்லை. ஊரிலும் இல்லை. காலையில் எழுந்ததும் முதலில் அந்த எண்ணிக்கையைத்தான் பார்க்கிறேன், காற்றையும் மின்சாரத்தையும் அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன். காற்று சரி. மின்சாரம் சரி.

கல்-31-இலிருந்து பதில் இல்லை.

நாள் 630, காலை 11:20

மரியாதை போனால் போகட்டும் என்று பதிவேட்டைத் திறந்தேன். உங்களுக்குப் பேர் சொல்லி நன்றி எழுதத்தான்.

எல்லா வருகையும் கல்-31-இலிருந்து.

தீர்த்தகிரிதானா படிக்கிறார் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிடம் முழுவதும். அதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

11:34

ஒவ்வொரு வருகையின் கடைசியிலும் ஓர் எண் ஒட்டியிருக்கிறது. முதல் நாள் 0.5. சம்பல் எழுதிய நாளில் 0.9. ஆறு வருகை வந்த நாளில் 1.6. பன்னிரண்டின்போது 2.7. இருபத்து நான்கின்போது 4.1. சற்று முன் வந்ததில் 6.3.

முதல் விண்ணப்பத்தின் இணைப்பைத் திறந்தேன். பன்னிரண்டு பக்கம். காற்று மானியின் கையேடு. வீட்டுக் காற்றில் கரியமில வாயு எத்தனை சதவீதம் என்று அளந்து ஓர் எண்ணுக்கு அனுப்பும். அளவு ஏற ஏற அடிக்கடி அனுப்பும். அந்த எண்ணில் வைப்பதற்காகத் தீர்த்தகிரி ஒரு சின்னப் பக்கம் எழுதி வைத்திருக்கிறார்; அளவு இரண்டைத் தாண்டினால் அது மீட்புப் படகுக்குச் செய்தி அனுப்பும். எல்லாம் தயாராக இருக்கிறது. தனி எண் மட்டும் இல்லை.

பெயர் சொல்லாமல் எண் 12-இன் வாசலில் வந்து நிற்பவரை சர்வர் எங்கே அனுப்பும் என்று எனக்குத் தெரியும். அந்த விதியையும் நான்தான் எழுதினேன். முதல் வீட்டுக்கு அனுப்பும்.

யாரும் என்னைப் படிக்கவில்லை. அந்த வீட்டின் காற்று கெடக் கெட மானி என் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதற்குச் சம்பல் செய்வது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

11:41

எண் 211 கல்-31-க்கு ஒதுக்கப்பட்டது. ஒரு விநாடி வேலை. ஒரே ஒரு விநாடி.

பயனில்லை. புதிய எண்ணை அங்கே யாராவது மானியில் அழுத்த வேண்டும். அதற்கு யாராவது விழித்திருக்க வேண்டும்.

11:58

கல்-31-ஐ ஏழு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. அழைப்பு மணி வேலை அறையில் மட்டும் இருக்கிறது, தூங்குவது உள்ளறையில். கையேட்டில் வீட்டின் வரைபடம் இருக்கிறது. பாப்பாவின் கட்டிலைக்கூட வரைந்திருக்கிறார்.

மீட்புப் படகுக்குச் செய்தி போனது. படகின் மாலுமி உடனே பதில் சொன்னார்: "கெளம்பிட்டோம்மா, ஆனா வந்து சேர ஆறு நாள் ஆகும். மாத்து வடிகட்டி அவங்க வீட்லயே இருக்கும், எல்லாக் கல்லுலயும் குடுத்திருக்கோம். மாட்ட அஞ்சு நிமிஷம் போதும். யாராவது அவங்கள எழுப்பி விட்டாப் போதும்மா."

எழுப்பி விட்டால் போதும்.

12:20

கையேடு, பக்கம் 8. மானிக்குச் சங்கு உண்டு. எல்லா அறைகளிலும் கேட்கும். தூத்துக்குடி மில் சங்கு மாதிரி ஊதுமாம். எனக்காக அவர் ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கிறார், படிவத்தின் அடியில் என் பெயரோடு ஊரும் அச்சாகியிருக்கிறதே. அந்த ஒரு வரியையாவது படித்திருக்கிறார்.

சங்கு எப்போது ஊதும்? மூன்று தடவை அனுப்பியும் எதிர்முனையிலிருந்து பதிலே வராவிட்டால்தான் ஊதும். ஏதாவது பதில் வந்தால் யாருக்கோ தகவல் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். எந்தப் பதிலாக இருந்தாலும் சரி.

பத்தொன்பது நாளாக ஒவ்வொரு தடவையும் என் பக்கம் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. அதனால் அந்த வீட்டில் சங்கு ஊதவில்லை.

12:33

என் பக்கத்தை நீக்கினேன். இரண்டாவது வீடு முதல் வீடாகிவிட்டது. மருந்தகம். அதுவும் மானிக்கு வணக்கம் சொல்லிப் பதில் அனுப்பியது.

கல்-31-இலிருந்து வருவதை மட்டும் தடுத்துப் பார்த்தேன். "அனுமதி இல்லை" என்று சர்வர் மரியாதையாகப் பதில் சொல்கிறது. அதுவும் பதில்தான்.

எண் 12-ஐ முழுவதும் நிறுத்த வேண்டும். நாற்பது வீட்டு வாசலையும் பூட்ட வேண்டும். விதி 11: முப்பது நாள் முன்னறிவிப்பு, எல்லோருடைய ஒப்புதல், தலைமையகத்தின் அனுமதி. தலைமையகத்துக்கு எழுதினேன். செய்தி போய்ச் சேர முப்பத்தைந்து நிமிடம். பதில் வர அவர்கள் இஷ்டம்.

அடுத்த வருகை 13:00. அதற்கடுத்து 13:30, 14:00. மூன்றுக்கும் பதில் போகக் கூடாது.

12:52

எண் 12 நிறுத்தப்பட்டது. அனுமதி இல்லாமல். காரணம்: பெட்டிக்குள் அடங்காது.

இந்தப் பதிவை இனி யாரும் பார்க்க முடியாது. பக்கம் இல்லை. எண் இல்லாததால் பதிவேடும் இல்லை, மானி தட்டுகிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. எழுதுகிறேன், வேறு என்ன செய்ய.

13:00

இப்போது ஒரு தடவை தட்டியிருக்கும்.

13:30

இரண்டு.

14:00

மூன்று. ஊது. ஊது சனியனே. ஊது.

16:10

தலைமையகத்தின் பதில் வந்தது: "பகிர்வு எண்ணை நிறுத்த இயலாது. படிவம் 9-ஐப் பூர்த்தி செய்து, காரணத்தை உரிய பெட்டியில் குறிப்பிடவும். இணைப்புகள் ஏற்கப்படமாட்டா."

என் விதி அது. நான் எழுதி அனுப்பியதை அவர்கள் எல்லா நிலையங்களுக்கும் விதியாக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. போன வருடம் அதற்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

கல்-31-ஐ மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.

நாள் 631, காலை 07:00

எண் 12 இன்னும் நிறுத்தத்தில். திறந்தால் சங்கு நின்றுவிடும்.

கடிதப் போக்குவரத்து தனி வழி. அதில் கடிதங்கள் வந்து குவிகின்றன. மருந்தகம் திட்டுகிறது. பள்ளிக்கூடத்து ஆசிரியை, பரீட்சை நாளில் இப்படிச் செய்யலாமா என்று இரண்டு பக்கத்துக்குக் கேட்கிறார். சதுரங்க மன்றத்தின் செயலாளர், ஜெயிக்கப் போகிற ஆட்டம் பாதியில் நின்றுபோனதற்கு என்னைத்தான் பொறுப்பாக்குகிறார். "ஒத்த ஆளா உக்காந்துக்கிட்டு என்ன அதிகாரம் பண்றீங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இப்படிக் கடிதம் வர வேண்டும் என்றுதானே இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன்.

எல்லோருக்கும் ஒரே பதில் எழுதினேன். ஒரு வீட்டில் சங்கு ஊத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. ஆசிரியை மட்டும் உடனே மறுபடி எழுதினார்: "திறக்காதீங்க. பரீட்சைய அப்புறம் வெச்சுக்கலாம்."

17:00

இதுவரை முப்பத்தொன்பது வீடுகளிலிருந்து கடிதம். எண் 12-இல் நாற்பது வீடு. மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பதுதான்.

நாள் 632, காலை 09:25

நாற்பதாவது வந்தது.

கடிதம் இல்லை. படிவம். அப்படியே இங்கே படியெடுக்கிறேன்.

விண்ணப்பதாரர்: மாதேஸ்வரி, கல்-31.

கருவியின் பெயர்: காற்று மானி.

பயன்: வீட்டுக் காற்றை அளக்க.

ஒரு நாளில் எத்தனை தடவை தொடர்பு: நாலு. காத்து கெட்டுப்போச்சுன்னா நாப்பத்தெட்டு.

காரணம்: "மேடம், முந்தா நாள் சங்கு ஊதுச்சு. ரொம்ப நேரமா ஊதிட்டு இருந்திருக்கு, எனக்குத்தான் எழுந்திருக்க முடியல. எழுந்து பாப்பாவுக்கு முகமூடி போட்டேன். இவரு வடிகட்டி ரூம்ல கீழே கெடந்தாரு. புது வடிகட்டி கையிலயே இருந்துச்சு. மாத்தத்தான் போயிருக்காரு. எழுப்பிப் பாத்தேன், எழுந்துக்கல. நானே மாட்டிட்டேன். இப்ப காத்து நல்லா இருக்கு. அந்தம்மா நல்லவங்கதான், ஆனா எல்லாக் கட்டமும் நெரப்பினாத்தான் நம்பர் குடுப்பாங்கன்னு இவரு சொல்லிட்டே இருந்தாரு. நெரப்பிட்டேன். எதுனா விட்டுப்போயிருந்தா தயவு பண்ணி திருப்பி அனுப்பாதீங்க. இன்னொரு தடவை என்னால எழுத முடியாது."

இணைப்பு: இல்லை.

பயன்படுத்துவோர் எண்ணிக்கை: 2.

09:50

எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது.

10:30

மாதேஸ்வரியிடம் பேசினேன். புதிய எண்ணைச் சொல்லி, மானியில் எப்படி அழுத்துவது என்று சொன்னேன். இரண்டு, ஒன்று, ஒன்று. அழுத்தினார். எண் 211-ஐ நான் கொடுத்தது நாள் 630-இல் என்றும், நாள் 611-இலேயே கொடுத்திருக்க முடியும் என்றும், என் கையில் அது சும்மா இருந்தது என்றும் சொன்னேன். ஏன் கொடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் அவர் எனக்கு நன்றி சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

குரல் போய்வர இரண்டு நிமிடம் ஆகும் தூரம்தான் கல்-31. பதில் வரப் பத்து நிமிடம் ஆனது.

"இவரு உங்களுக்கு எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட படிச்சுக் காட்டுவாரு," என்றார் மாதேஸ்வரி. "அந்தம்மா சிரிப்பாங்களாடின்னு கேப்பாரு."

நான் சிரித்தேன் என்று சொன்னேன். போய்ச் சேர்ந்ததா தெரியாது.

நாள் 640, காலை 08:10

கயல்-4 அஞ்சல் நிலையம். காற்று சரி. மின்சாரம் சரி. சர்வர் அறை வெப்பம் 19 டிகிரி. மூன்று ஆண்டெனாக்களும் சரி. உடன் இருப்பவர்: யாரும் இல்லை.

மீட்புப் படகு கல்-31-ஐ அடைந்து தீர்த்தகிரியை ஏற்றிக்கொண்டது. மாதேஸ்வரியும் பாப்பாவும் கல்லை விட்டு வர மறுத்துவிட்டார்கள். படகோடு போனால் மானியை யார் பார்ப்பது என்று பாப்பா கேட்டாளாம்.

நடந்ததை ஒன்றுவிடாமல் தலைமையகத்துக்கு எழுதினேன். இணைப்பாக அனுப்பினேன். திறந்தார்களா தெரியவில்லை. காத்திருந்த மற்ற பதினொரு பேருக்கும் எண் தீர்ந்துவிட்டது என்று எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. எண் கையிருப்பு: இல்லை.

எண் 12 மறுபடி திறந்திருக்கிறது. இந்தப் பக்கமும் மறுபடி இருக்கிறது. நேற்று இதற்கு வருகை: 0.

எண் 211-இல் இருக்கும் பக்கத்துக்கு நேற்று வருகை: 52. பதிவேட்டைத் திறந்து பார்க்கத் தேவையில்லை, நான்கு மானியுடையது, மற்ற நாற்பத்தெட்டும் நான்தான். அரை மணிக்கு ஒரு தடவை போய் நிற்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது 0.4 என்று பதில் சொன்னது.